சும்மா வந்த ஆள்

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டியதும் முதலில் கண்ணில் பட்டது சைக்கிளின் முன்சக்கரம். காற்று இறங்கி, தரையோடு சப்பிக் கிடந்தது. முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். கருவேல முள்ளுக்குக் குறைவில்லாத இடம். அப்புறம் பின்சக்கரத்தைப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

ஓடுகிற சைக்கிளில் முள் குத்தும். நிறுத்தி வைத்த சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் எப்படிக் குத்தும்?

குனிந்து பார்த்தேன். வால்வு மூடிகள் இரண்டும் கழற்றப்பட்டு, பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. கேரியரில் கட்டியிருந்த பை அப்படியே இருந்தது. சைக்கிளின் நடுக்கம்பியில் மாட்டியிருந்த கைப்பம்பு மட்டும் இல்லை.

திருட வந்தவன் பையை விட்டுவிட்டுப் பம்பை எடுத்துப் போகமாட்டான். நான் அங்கிருந்து கிளம்பக்கூடாது என்று யாரோ விரும்புகிறார்கள். அது புரிந்ததும் மார்கழிக் குளிரிலும் எனக்கு முதுகு வியர்த்தது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக நான் நிலம் அளந்த கதைகளையே எழுதி வருகிறேன். இது, எதையும் அளக்காமல் இருப்பதற்காக நான் போன பயணம். அந்த ஊரின் பெயரை எழுதக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “நீங்க எதுக்குக் கேக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள். வல்லத்துக்குப் பக்கத்தில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது வயதில் ஒரு டேரா

நான் வேலை பார்த்தது தனியார் சர்வே கம்பெனிகளில். ரோடு, குழாய், மின்கம்பி என்று எது வருவதாக இருந்தாலும், அது வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் மூன்று கால் கருவியோடு அந்த நிலத்தில் போய் நிற்கிற ஆள் நான். இருபத்தேழு வருடம். தகரக் கொட்டகையிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் லாரியின் பின்புறத்திலும் படுத்திருக்கிறேன். எந்த நிலத்தைப் பார்த்தாலும் எனக்குக் கோடும் கோணமும்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு ஆசை வந்தது. ஏதாவது ஒரு நிலத்தில், அதை அளக்காமல், ஒரு ராத்திரி படுத்து எழ வேண்டும்.

சென்னையில் இருக்கும் மகள், சர்க்கரைக்கு நல்லது என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கித் தந்திருந்தாள். கூடாரத்தை நானே ஆன்லைனில் வரவழைத்தேன். அது வந்த நாளிலிருந்து என் மனைவி பிலோமினாவுக்கு நிம்மதி போய்விட்டது.

“யாரப் பாக்கப் போறீங்க?”

“யாரையும் இல்ல பிலோ. சும்மாதான்.”

“சும்மான்னா? இங்க ஃபேன் ஓடுது, மெத்த கெடக்குது. இத வுட்டுட்டு ஏரிக்கரைல போயி தனியாப் படுக்கறேன்னு சொன்னா, கேக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

கூடாரப் பையைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தாள். குச்சிகள், இரும்பு ஆணிகள், கயிறு, ஒரு காற்றுத் தலையணை. இரண்டாவது தலையணை இல்லை என்று உறுதியான பிறகுதான் பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்டிவனத்திலிருந்து கிளம்பினேன். எங்கள் தெருவில் நட்சத்திரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. தெருமுனை திரும்பும்வரை பிலோ கேட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். வழியனுப்பவில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்தாள்.

பின்னால் வந்த மொபெட்

செஞ்சி ரோட்டில் ஜல்லி லாரிகள் புழுதியை முகத்தில் வாரி அடித்துவிட்டுப் போயின. வல்லம் தாண்டி ஒரு மண்பாதையில் இறங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. மழை நன்றாகப் பெய்த வருடம். பாதை ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தன.

இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, முளைத்து இரண்டு இலை, மூன்று இலை விட்டிருந்தது. நடுவில் ஒரு நிலம் மட்டும் உழுது போட்டபடி வெறுமனே கிடந்தது. நல்ல செம்மண். கிணறு இருக்கிறது, வரப்போரம் தென்னை இருக்கிறது. ஆனால் விதை போடவில்லை.

அந்த நிலத்தின் மூலையில் ஒரு கல் நட்டிருந்தது. தலையில் மஞ்சள் பெயிண்ட்.

என் கால் தானாக பெடலை விட்டு இறங்கிவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, கல்லின் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன். இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு எண். படித்தேன். எழுந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி ஏறி மிதித்தேன். ஒரு நிமிட வேலை. பழக்க தோஷம்.

அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அரை கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால் மொபெட் சத்தம். வழிவிட ஒதுங்கினேன். அது முந்தவில்லை. நான் நின்றேன், அதுவும் நின்றது. தலையையும் காதையும் துண்டால் சுற்றிக் கட்டிய ஒரு ஆள். கண் மட்டும் தெரிந்தது. சாலையோர டீக்கடையில் இறங்கி டீ சொன்னேன். அவர் எதிரே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடிக்காமல், பீடி பற்றவைக்காமல், சும்மா நின்றார்.

டீக்கடைக்காரரிடம் அவர் யார் என்று கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் டீக்கடைக்காரரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, போனை எடுத்து வலது கால் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டேன். திரும்பிப் போய்விடலாம் என்று ஒருமுறை தோன்றியது. திரும்பிப் போனால் பிலோவின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி நிரம்பி இருந்தது. நாரைகள் மறுகரையில் வரிசையாக நின்றன. கரை ஓரம் சமமான ஒரு இடம் பார்த்துக் கூடாரத்தை விரித்தேன். நான்கு மூலைக்கும் இரும்பு ஆணியை வைத்து, ஒரு கல்லால் அடித்து இறக்கினேன். டங் டங் என்று சத்தம் ஏரி மேல் போய்த் திரும்பி வந்தது.

அந்தச் சத்தத்தை ஊர் எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கணக்கு வாத்தியார்

பிரெட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது மொபெட் வந்தது. பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இறங்கி நேராக என்னிடம் வரவில்லை. முதலில் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு ஆணியையும் நின்று பார்த்தார்.

“இன்னா சார், இங்க வந்து டேரா போட்டுக்கினு கீறீங்க?”

“சும்மாம்மா. சைக்கிள்ல சுத்திப் பாக்க வந்தேன். ஒரு ராத்திரி படுத்துட்டுக் காலைல போயிடுவேன்.”

“சும்மாவா?” மொபெட்காரர் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை. “இந்த ஏரில சுத்திப் பாக்க இன்னா கீது சார்? நாங்களே பாக்கறது இல்ல.”

அந்தப் பெண்ணின் பெயர் தனபாக்கியம் என்றும், மொபெட்காரர் ஏழுமலை அவருடைய கணவரின் தம்பி என்றும், கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றும் மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். விதைக்காமல் கிடந்த அந்தச் செம்மண் நிலம் தனபாக்கியத்துடையது. அன்று மாலை எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேர் என் சாமான்களைக் கண்ணால் எடை போடுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

“இன்னா வேல செஞ்சீங்க?” என்று தனபாக்கியம் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வேலையில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். நிலம் அளக்கிறவன் என்று சொன்னால் பிறகு எந்தப் பேச்சும் நல்லபடியாக முடியாது. ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன்.

“ஸ்கூல் வாத்தியார்.”

“இன்னா பாடம்?”

“கணக்கு.”

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்:

“இந்தாண்ட மதகுல இருந்து அந்தாண்ட பனமரம் வரைக்கும் இன்னா தூரம் சார் இருக்கும்?”

“நானூத்திப் பத்து மீட்டர். மிஞ்சிப்போனா நானூத்திருவது,” என்றேன்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. யோசிக்கக்கூட இல்லை. தனபாக்கியம் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை வண்டியை உதைத்தார். “சரி, படுங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான், கூடாரத்துக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தபோது, அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பது எனக்கு உறைத்தது. எந்தக் கணக்கு வாத்தியாரும் ஏரியைப் பார்த்த மாத்திரத்தில் மீட்டர் சொல்லமாட்டார்.

பிலோ போன் செய்தாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். “பக்கத்துல யாரு?” என்றாள். தவளை என்றேன்.

ஒரு பழைய கல்

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இந்தத் தொடரில் இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தெற்கே, மழை குறைந்த ஒரு மாவட்டத்தில், பல வருடங்களுக்கு முன் ஒரு வேலை. வெயிலில் நின்று, வரப்போரம் கல் நட்டு அளந்துகொண்டிருந்தோம். நிலத்துக்காரர் ஒருவர் செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “இது எதுக்குங்க கல்லு?” என்று கேட்டார்.

யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. “சும்மா அளக்கறோம்,” என்றேன். அவருடைய மோர் இன்னும் என் மீசையில் இருந்தது.

நாங்கள் போன பிறகு வேறொருவன் வந்து அவரிடம் பேசியிருக்கிறான். உன் நிலம் பூராவும் போகப்போகிறது, இப்போதே என்னிடம் கொடுத்துவிடு என்று. அவர் பயந்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார். வேலை கடைசியில் அவர் நிலத்தைத் தொடாமல் பக்கத்துத் தரிசு வழியாகவே போனது. அப்படித்தான் போகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி போனபோது, அதே நிலத்தில் அவர் யாருடைய ஆடுகளையோ மேய்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டவில்லை. என் கருவிக்கு மறைக்கிறது என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளி நின்றுகொண்டார். அவ்வளவுதான்.

கல்லுக்குக் கல்

காற்றில்லாத சைக்கிளைப் பார்த்தபடி நான் நின்ற அந்தக் காலையில், கரை மேல் பனிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தது மெல்லத்தான் தெரிந்தது. தனபாக்கியமும் ஏழுமலையும். நான் எழுவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஏழுமலை கையில் தூக்குச் சட்டி.

“டீ குடிங்க சார்,” என்று ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

வாங்கினேன். குடிக்கவில்லை. ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு டம்ளரில் தனக்கு ஊற்றி, மடமடவென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அதன் பிறகுதான் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஆறிப்போயிருந்தது.

“நீங்க வாத்தியார் இல்ல,” என்றார் தனபாக்கியம். “கல்ல தொட்டுப் பாத்தீங்க, நேத்து. ஏழுமல பாத்துக்கினு இருந்துச்சு. எங்க ஊருக்கு வர்றவங்க யாரும் குந்திக்கினு கல்லப் படிக்க மாட்டாங்க. நெசத்த சொல்லிட்டுக் கெளம்புங்க. பம்பு எங்ககிட்டதான் கீது.”

இன்னொரு பொய் கைவசம் இருந்தது. வெளியே எடுக்கவும் தெரியும். ஆனால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த மோர்ச் செம்பு ஞாபகம் வந்தது.

“நான் சர்வேயர்ம்மா. இப்ப வேலைல இல்ல. ரிடையர் ஆயிட்டேன். இந்தக் கல்லு நான் நட்டது இல்ல. ஆனா அதப் படிக்கத் தெரியும்.”

ஏழுமலை எழுந்து வந்து என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா அண்ணி? அந்த ஆளு சொன்னது கரெக்டு. ரோடுதான் வருது.”

பேச்சு மெல்லப் பிடிபட்டது. ஐப்பசியில் யாரோ வந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார், எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே வெள்ளைக் காரில் ஒரு புரோக்கர். பெரிய ரோடு வருகிறது, கிணறு, தென்னை, நிலம் எல்லாம் மொத்தமாகப் போகும், கேஸ் என்று அலைந்தாலும் ஒன்றும் நடக்காது, என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் உனக்கு அந்தப் பேஜாரு இருக்காது என்று தனபாக்கியத்திடம் பேசியிருக்கிறார். போகப்போகிற நிலத்தில் எதற்கு விதை என்று விதைக்கவில்லை. விதைக்காமல் கிடந்த நிலமே பயத்தை இன்னும் கூட்டியிருக்கிறது.

“நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸு வரச் சொல்லிருக்காரு,” என்றார் தனபாக்கியம். “நேத்து நீங்க வந்து டங்கு டங்குனு ஆணி அடிக்கிறீங்க. அந்த ஆளு அனுப்சவருன்னு நெனச்சோம். இன்னும் அப்டித்தான் நெனைக்கறோம்.”

“அந்தக் கல்லுங்க எல்லாத்தையும் ஒருதரம் காட்டுங்க,” என்றேன்.

சைக்கிளை ஏழுமலை பிடித்தபடியே உருட்டிக்கொண்டு வந்தார். விடவில்லை. பனி ஈரம் பேன்ட்டை முழங்கால் வரை நனைத்தது. முதல் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். என் நடை எனக்குத் தெரியும், அதில் பிசகு வராது. அடுத்த கல் முந்நூற்றைம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம், வேறொருவர் நிலத்தில் இருந்தது. அதற்கடுத்ததும் ஏறக்குறைய அதே தூரத்தில், அதே நேர்கோட்டில்.

“ரோடு இல்லம்மா,” என்றேன். “ரோடுன்னா கல்லு இவ்ளோ எட்டி எட்டி நடமாட்டாங்க. ரெண்டு பக்கமும் ஜோடியா, கிட்டக்கிட்ட நடுவாங்க. இது கரண்டு டவர் லைன். கல்லு இருக்கற எடத்துல டவர் நிக்கும். நடுவுல கம்பி மட்டும் மேல போகும். கல்லுல இருக்கற எழுத்தும் அதுக்குத்தான் போடறது.”

“அப்ப நெலம்?”

“டவர் நிக்கற அந்த மூலை போகும். மத்தபடி கம்பிக்குக் கீழ பயிர் வெக்கலாம். கிணறு கோட்டுல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

ஏழுமலை ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல சேதி, நல்ல பெயர். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தபோது, தென்னை வரிசை அதன் அடியில் இருந்தது.

“தென்னை போகும்மா,” என்றேன். “பத்து மரம். ஒசரமா வளர்றத வுடமாட்டாங்க. வெட்டறதுக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸு குடுக்கணும், மரத்துக்கு உண்டான பணம் குடுக்கணும். கேட்டு வாங்கணும்.”

தனபாக்கியம் தென்னைகளைப் பார்த்தார். அவர் கணவர் வைத்தவை என்று ஏழுமலை தாழ்ந்த குரலில் சொன்னார்.  ஒரு மட்டை காற்றில் உரசியது.

“இத எதுக்கு சார் எங்களுக்குச் சொல்றீங்க?” என்று தனபாக்கியம் திடீரென்று கேட்டார். “உங்களுக்கு இன்னா ஆவப்போவுது இதுல?”

மோர் கொடுத்தவரின் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.  அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“அண்ணி, அந்த ஆளுக்குப் போட்டியா வேற புரோக்கர் இவர அனுப்சிருப்பான்,” என்றார் ஏழுமலை. சொல்லிவிட்டு மறுபடி இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

ஆதார் அட்டை

என்னை நம்ப வேண்டாம் என்றேன். ஒரு தாளில் கல்லின் எண்ணை எழுதினேன். நிலத்தையும் கிணற்றையும் கோட்டையும் படமாக வரைந்தேன். தாலுகா ஆபீஸில் இந்த எண்ணைக் காட்டி எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். கீழே என் பெயர் லூர்துசாமி என்றும், திண்டிவனத்தில் என் தெரு, கதவு எண், போன் நம்பரும் எழுதினேன்.

“ஆதார் கீதா?” என்றார் ஏழுமலை.

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தார். அப்புறம் என்னை அட்டையோடு நிற்கவைத்து எடுத்தார். “மூஞ்சிய இப்டித் திருப்புங்க,” என்று பக்கவாட்டிலும் ஒன்று எடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பது போல இருந்தது. கூடாரமும் படத்தில் வரட்டும் என்று அதைப் பின்னணியில் வைத்து இன்னொன்று எடுத்தார்.

பிறகு மொபெட்டின் பையிலிருந்து என் பம்பை எடுத்து, என்னிடம் தராமல் தானே குந்தி உட்கார்ந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். கல்லென்று அடித்துக் கொடுத்தார். வல்லம் வரை பின்னாலேயே வந்து, நான் செஞ்சி ரோட்டில் ஏறித் திண்டிவனம் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பிலோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஆதார எதுக்குக் குடுத்தீங்க? அத வெச்சி யாராச்சும் சிம் கார்டு வாங்கிட்டா?”

அதன்பிறகு ஒரு மாதம் தெரியாத நம்பர் எது வந்தாலும் அவள்தான் எடுத்தாள். நான் திங்கட்கிழமை முழுக்க போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனபாக்கியம் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனாரா இல்லையா? என்னிடம் அவர் நம்பர் இல்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார். பொங்கல் போயிற்று. ஒரு சேதியும் இல்லை. கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே முடிவு செய்துகொண்டேன்.

மாசியில் வந்தவர்கள்

மாசி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலை பத்து மணிக்குக் கேட்டில் பேச்சுக் குரல்.

“லூர்துசாமின்றவரு வூடு இதானா? நெசமாவே இங்கதான் குடி இருக்காரா? சொந்த வூடா, வாடகையா?”

எட்டிப் பார்த்தேன். தனபாக்கியம். பின்னால் ஏழுமலை, கதவு எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோவுக்கு அவர்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “நீங்கதான் பம்ப எடுத்து வெச்சிக்கினவங்களா?” என்றாள். அடுத்த பத்து நிமிடத்தில் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து, நான் ஏன் ஏரிக்கரையில் படுக்கப் போனேன் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் விடை கிடைக்கவில்லை. சந்தேகப்படுவதில் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

அந்தத் திங்கட்கிழமை தனபாக்கியம் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டார். புரோக்கர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவையும் தலைவலி. இதற்கிடையில் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து எழுதிக் கேட்டிருக்கிறார். விதைக்கிற பட்டம் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை என்று மல்லாட்டை போட்டுவிட்டார். போன வாரம் நோட்டீஸ் வந்தது. டவர் லைன்தான். கிணறு தப்பித்தது.

“நல்லது மட்டும் சொல்லிருந்தீங்கன்னா நான் நம்பிருக்க மாட்டேன் சார்,” என்றார். “தென்ன போவும்னு சொன்னீங்க பாருங்க. ஏமாத்த வந்தவன் அத சொல்லமாட்டான்னு அன்னிக்கு ராத்திரிதான் தோணுச்சு.”

எனக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, “அதனால என்னம்மா,” என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீங்க பத்து மரம்னு சொன்னீங்க. பதிமூணு மரத்துல குறி போட்டுட்டுப் போயிருக்காங்க. மூணு மரத்த ஏன் சார் மறச்சீங்க?”

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். அன்று நான் சின்ன லைன் என்று நினைத்திருந்தேன். இது அதைவிடப் பெரியது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் பதினேழரை மீட்டர் வரை உயர மரம் நிற்கக்கூடாது.

“மறைக்கலம்மா. தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். ஆனா பதினேழரைன்னாலும் பதிமூணு வராதே...”

“அப்ப வந்து அளந்து காட்டுங்க.”

“இப்பவா?”

“வண்டி கீதே,” என்றார் ஏழுமலை.

இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ நிலங்களில் இறங்கியிருக்கிறேன். நிலத்துக்குச் சொந்தக்காரர் வீடு தேடி வந்து என்னை அளக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பீரோவிலிருந்து முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டேன். தனபாக்கியம் பஸ்ஸில் வர, ஏழுமலை பின்னால் மொபெட்டில் நான் உட்கார்ந்து போனேன். பிலோ இந்த முறை எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்க்கவில்லை. நான் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் தெருமுனை வரை ஓடி வந்து கொடுத்தாள்.

மல்லாட்டை பூத்திருந்தது. செடியை மிதிக்காமல் சால் வழியாக நடந்து, மூலைக் கல்லில் கயிற்றைக் கட்டி, அடுத்த கல்லின் நேருக்கு இழுத்து மையக்கோட்டை நிறுத்தினேன். டேப்பின் பூஜ்ஜிய முனையைக் கோட்டில் வைத்து நான் பிடிக்கப் போனேன். தனபாக்கியம் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே கோட்டில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மறுமுனையை ஏழுமலை மரத்தடியில் பிடித்தார். என் வேலை நடுவில் நின்று டேப் தொய்யாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

கடைசி இரண்டு மரங்கள் பதினேழரைக்கு வெளியே நின்றன. ஒன்று ஒரு முழம், இன்னொன்று அதற்கும் கொஞ்சம் கூட. நான் எண்ணைச் சொன்னேன். தனபாக்கியம் ஏற்கவில்லை. எழுந்து வந்து தானே குனிந்து படித்தார். ஏழுமலையைப் படிக்கச் சொன்னார். இருவரும் இடம் மாறி மறுபடி ஒருமுறை அளந்தார்கள். அதே எண்.

அன்று சாயங்காலமே மனு எழுதினோம். பதினொரு மரம் போயிற்று. இரண்டு நிற்கின்றன.

அன்று அளந்து முடித்ததும் தனபாக்கியம் டேப்பைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டு, மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது இங்கயே இருக்கட்டும் சார். அவங்க மரம் வெட்ட வர்ற அன்னிக்கு நானே அளந்து பாத்துக்கறேன்.”